செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுபோன சிரிப்பு

வாசகி எழுதுகிறார்:

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 44 வயது. ஊர் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா. எங்கள் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான். என் வீட்டுக்காரர் செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டராக இருந்தார். இரவு வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. 47 வயது. பதினோரு மாதம் ஆகப்போகிறது. பெரியவன் படிவம் 5, நடுவுள்ளவள் படிவம் 2, கடைக்குட்டி தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறேன்.

அடுத்த மாதம் முதல் திதி. அதற்கு அடுத்த ஞாயிறு அவருடைய அண்ணன் ஒரு மீன்பிடிப் போட்டி வைக்கிறாராம். அவர் நினைவாக. காசு கட்டி மீன் பிடிக்கும் குளம் ஒன்றைப் பேசி முடித்துவிட்டார். ஆளுக்கு 50 வெள்ளி, அறுபது பேர், எல்லாருக்கும் டி-சட்டை. சட்டையில் இவர் படம், கையில் பெரிய பாத்தின் மீனோடு. அந்த மீனை இவர் பிடிக்கவே இல்லை, அம்மா. பக்கத்து ஆள் பிடித்தது. படத்துக்காக இரவல் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அறுபது பேர் முதுகில் ஊர்வலம் போகப்போகிறது இரவல் மீன். இதை நான் யாரிடம் சொல்வது?

ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. சட்டை அளவு மட்டும் கேட்டார்கள்.

அவர் எப்படிப்பட்டவர் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் "ஆட்டமும் பாட்டுமா இருந்த மனுஷன்" என்பார்கள். உண்மைதான். சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு வேனைக் கிளப்புவார். மூன்று பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு, ஐந்து தூண்டில் கம்பு, ஐஸ் பெட்டி, அரிசிப் பானை. ஒரு வாரம் ஈயம் தோண்டி விட்டுப்போன ஈயக்குட்டை, ஒரு வாரம் சுங்கை சிலாங்கூர் ஆற்றில் உடாங் காலா இறால், பள்ளி விடுமுறை என்றால் கோல குபு பாரு பக்கம் அருவி. இரவில் படகு எடுத்து கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்து மின்மினி காட்டுவார். பிள்ளைகளை டார்ச் அடிக்க விடமாட்டாராம். வெளிச்சம் பட்டால் பூச்சி மினுக்குவதை நிறுத்திவிடுமாம். எல்லாம் பிள்ளைகள் வந்து சொன்னதுதான். நான் போனதில்லை. ஒரு நாளாவது என்னை முறையாக வா என்று கூப்பிட்டிருக்கிறாரா?

வெள்ளி இரவு சம்பால் அரைத்தது நான். ஞாயிறு இரவு பத்து மணி வரை மீன் செதிள் உரசியதும் நான். சேற்றுத் துணி ஒரு வாளி, மீன் வாடை அடிக்கும் ஐஸ் பெட்டி, கடைக்குட்டிக்குக் கொசுக்கடி. திங்கள் காலை ஐந்தரைக்கு நான் கேண்டீனில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடக் கட்டணம், பல் டாக்டர், பெற்றோர் சந்திப்பு எல்லாம் நான்தான். குஞ்சோடு வரும் தோமானைப் பிடிக்கக்கூடாது, தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் காக்கும், அதுகளைப் பிடித்தால் சிவப்புக் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். தோமான் குஞ்சு எத்தனை வாரம் தாயோடு இருக்கும் என்று தெரியும். சொந்த மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுவார்.

அவர் போன பிறகுதான் தெரிந்தது, 680 வெள்ளிக்கு ஒரு ரீல் தவணையில் வாங்கியிருக்கிறார் என்று. நாலு தவணை பாக்கி. நான் கட்டினேன். அந்த ரீலைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

அவருடைய கூட்டாளிகள் முதலில் வாரா வாரம் வருவார்கள். "அவன மாதிரி ஆளு வருமா லா" என்று ஆரம்பிப்பார்கள். வேன் தோட்டத்து மண்ரோட்டில் புதைந்த கதை, வாளியில் மீகூன் பிரட்டிய கதை. எல்லாரும் சிரிப்பார்கள். நான் தேநீர் ஆற்றிக் கொடுப்பேன். செத்த வீட்டில் இப்படியா சிரிப்பது? அவர் ஆட்டமும் பாட்டும் என்றால் நான் என்ன, ஒப்பாரியா? இப்போது வருவது குறைந்துவிட்டது. நல்லதுதான்.

தூண்டில்களை ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் கைப்பையில். பெரியவன் இரண்டு தடவை கேட்டான். எஸ்.பி.எம். பரீட்சை முடியட்டும் என்றேன். அதன்பிறகு அவன் கேட்கவில்லை. ஈயக்குட்டையில் பிள்ளைகள் முழுகிச் சாவதைப் பேப்பரில் பார்க்கிறோமே, அப்பா இல்லாத பிள்ளைகளை நான் எப்படி அனுப்புவேன்?

பக்கத்து வீட்டு அக்காவும் இதையே சொல்கிறார். போன வெள்ளிக்கிழமை அவரிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன், உள்ளே மூன்று பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன், சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போனால் பெரியவன் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறான், நடுவுள்ளவள் குசினிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நாளாக இப்படித்தான். அது கிடக்கட்டும். டி-சட்டை விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணனிடம் வேண்டாம் என்று சொன்னால் என்னைத்தான் குறை சொல்வார்கள். இவர் இருந்தபோதும் நான்தான் குறை. "நீயும் வா புள்ள, ஒரு வாரம் தொவைக்காட்டி சட்டை ஓடியா போயிடும்" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வார். யார் துவைப்பது? எல்லாரும் சிரிப்பார்கள். படையலுக்கும் சண்டை. மாமியார் சுத்த சைவம்தான் வைக்க வேண்டும் என்கிறார். கூட்டாளிகள் உடாங் காலா சம்பாலும் ஒரு பீர் டின்னும் வைக்கச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? இந்தப் போட்டியை எப்படி நிறுத்துவது? மனசு கசந்து கிடக்கிறது.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், பெஸ்தாரி ஜெயா

ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போட்டியை நிறுத்த வழி கேட்டிருக்கிறீர்கள். டி-சட்டை, ரீல் தவணை, கூட்டாளிகளின் கதை, மாமியாரின் சைவம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் பாதிக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நடுவில் ஒன்றை எழுதிவிட்டு, சூடுபட்ட கையை இழுப்பதுபோல் "அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். அதைக் கிடக்க விட முடியாது. நீங்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் உங்கள் பிள்ளைகள் சிரிப்பை நிறுத்துகிறார்கள்.

உங்கள் உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது. இந்த வீட்டின் சிரிப்பு அவரோடு போய்விட்டது, மீதி இருப்பது நான் மட்டும் என்ற பயம். "நான் என்ன, ஒப்பாரியா?" என்று கூட்டாளிகள் மேல் கோபப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்வியைப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள்.

பிள்ளைகள் பக்கத்தில் நடப்பது வேறு. அவர்கள் உங்களைக் காப்பாற்றுகிறார்கள். கூட்டாளிகள் சிரித்தபோது தேநீர்த் தட்டோடு நின்ற உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். பூட்டிய ஸ்டோர் அறையைப் பார்த்தார்கள். பெரியவன் இரண்டு தடவை கேட்டு, மூன்றாவது தடவை கேட்காமல் விட்டான். யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு சட்டம் உருவாகிவிட்டது: அம்மா முன்னால் அப்பாவை நினைத்துச் சிரிக்கக்கூடாது, சிரித்தால் அம்மாவுக்கு வலிக்கும். இப்போதைக்கு அது ஒரு அறையோடு நிற்கிறது. இப்படியே இரண்டு வருடம் போனால், உங்களிடம் சொல்லாமல் இருக்கப் பழகியவர்கள் மற்றதையும் சொல்லமாட்டார்கள். மார்க் குறைந்தது, பயந்தது, யாரையாவது பிடித்துப்போனது, எதையும்.

செத்த வீட்டில் சிரிப்பதா என்று கேட்கிறீர்கள். துணையை இழந்து ஏறக்குறைய ஆறு மாதமானவர்களை, போனவரைப் பற்றிப் பேசச் சொல்லி அவர்கள் முகத்தைக் கவனித்த ஆய்வு ஒன்று 1997இல் வந்தது. செய்தவர்கள் டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ. பேச்சின் நடுவே கண்ணோரம் சுருங்க மனம்விட்டுச் சிரித்தவர்களிடம் கோபமும் வேதனையும் குறைவாக இருந்தன. சிரித்ததால்தான் குறைந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிரித்தவர்கள் மறந்தவர்கள் இல்லை என்பது தெரிகிறது. துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோபும் ஷூட்டும் 1999இல் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். மனிதர்கள் இழப்புக்குள் கொஞ்ச நேரம் இருப்பார்கள், பிறகு அன்றாட வேலைக்குள் வருவார்கள், திரும்ப இழப்புக்குள் போவார்கள். இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம். பிள்ளைகளிடம் அது இன்னும் வேகமாக நடக்கும். நான்காம் ஆண்டுப் பையன் ஐந்து மணிக்கு அப்பாவை நினைத்து அழுவான், ஐந்தே காலுக்குப் பந்து விளையாடுவான். இரண்டும் பொய் இல்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. ஓரிடத்தில் "ஒரு நாளாவது என்னை முறையாக வா என்று கூப்பிட்டிருக்கிறாரா" என்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி, "நீயும் வா புள்ள" என்று அவர் சொன்னதை நீங்களே எழுதுகிறீர்கள். கிண்டலாகக் கூப்பிட்டார், அடுத்த நாள் துணியை யார் துவைப்பது என்று யோசிக்காமல் கூப்பிட்டார், அது அவர் குற்றம். ஆனாலும் கூப்பிட்டார். நீங்கள் போகவில்லை. இப்போது அந்தச் சனிக்கிழமைகள் உங்களிடம் இல்லை, கூட்டாளிகளிடம் இருக்கின்றன. கசப்பில் ஒரு பங்கு அதுதான்.

இன்னொரு பங்கு அவர் மேல் உள்ள கோபம். அதை வைக்க உங்களுக்கு இடமே இல்லை. சிடுமூஞ்சிப் புருஷன் செத்தால் மனைவி நாலு குறை சொல்லலாம், ஊர் தலையாட்டும். ஆட்டமும் பாட்டுமாக இருந்தவர் செத்தால் அந்த வசதியும் கிடையாது. ஊர் பார்த்தது சனிக்கிழமை மனிதரை. ஞாயிறு இரவு பத்து மணிச் செதிளைப் பார்த்தது நீங்கள் மட்டும். அவருடைய குஷிக்கு வேண்டிய சம்பால், சோப்பு, தவணை எல்லாம் உங்கள் கையிலிருந்து போயின. ஒருவர் கூட அதைச் சொல்லவில்லை. உங்கள் கோபம் நியாயமானது. செத்தவர் மேல் கோபப்படலாம், பாவம் இல்லை. ஆனால் பாக்கியை அவரிடம் வசூலிக்க முடியாததால் பிள்ளைகளிடம் வசூலிக்கிறீர்கள். கைப்பையில் இருக்கும் சாவி அதற்குத்தான். இதில் நான் உங்கள் பக்கம் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. தோமான் குஞ்சின் கணக்குத் தெரிந்தவர் மகளின் வகுப்புக்கு விரல் விட்டு எண்ணியது ஒன்று. அறுபது பேர் முதுகில் ஊர்வலம் போகப்போகும் இரவல் மீன் இன்னொன்று. இதை எழுதியவர் அவர் இல்லையே. இத்தனை வருடம் அந்த வீட்டில் பாதிச் சிரிப்பு உங்களுடையதாக இருந்திருக்கும், சத்தம் அவருடையதாக இருந்ததால் யாரும் எண்ணவில்லை, நீங்களும் எண்ணவில்லை. பாத்தின் மீன் கதை பிள்ளைகளுக்குத் தெரியுமா? இன்றைக்கே சொல்லுங்கள். ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் நீங்கள் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

சனிக்கிழமை அப்பாவோடு, சாதாரணச் செவ்வாய்க்கிழமை அப்பாவையும் அவர்களுக்குக் கொடுங்கள். பெற்றோர் சந்திப்பை மறந்தவர், ஒளித்து ரீல் வாங்கியவர். தெய்வமாகிவிட்ட அப்பா மேல் பிள்ளைகள் கோபப்பட முடியாது. படிவம் 2 படிக்கிறவளுக்குக் கோபப்படக் காரணம் இருக்கும், அப்பா அவளை விட்டுப் போய்விட்டார்.

தண்ணீர் பயத்தைத் தனியாகப் பேசலாம், அதில் உண்மை இருக்கிறது. ஈயக்குட்டை ஆறு மாதிரி சரிந்து ஆழமாகாது. விளிம்பிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் திடீரென்று ஆள் ஆழம் வரும், கரை மண்ணும் உள்ளே சரியும், அடியில் சேறு காலைப் பிடிக்கும். அதனால் குட்டையில் இறங்குவதும் குளிப்பதும் அறவே வேண்டாம். கரையிலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளி நின்று தூண்டில் போட்டால் போதும். ஒருவன் விழுந்தால் இன்னொருவன் குதிக்கக்கூடாது, இரட்டைச் சாவு அப்படித்தான் நடக்கிறது. மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி எண்ணெய் டப்பாவில் 10 மீட்டர் கயிறு கட்டிப் பக்கத்தில் வைத்திருந்து அதை எறிய வேண்டும். படகு என்றால் உயிர்காப்புச் சட்டை, அதுவும் கடைக்குட்டிக்கு அவன் எடைக்கு ஏற்றது. போட்டுக் கொக்கி மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காது வரை ஏறினால் பெரிது, தண்ணீரில் தலைவழியாகக் கழன்றுவிடும்.

அருவிப் பக்கம் பயப்பட வேண்டியது கெப்பாலா ஆயர், மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம். இங்கே வெயில் அடிக்கும், மலையில் மழை பெய்திருக்கும். தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், பானை சட்டியை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். எதிர்க்கரைக்குக் கடக்க நினைக்கவே கூடாது. ஆற்றில் இறங்குமுன் கால் புண்ணை மூடிக்கொள்ளுங்கள். போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ஆற்றுக்குப் போனதைக் கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலுக்கு மருந்து சீக்கிரம் தொடங்க வேண்டும். இதையெல்லாம் பெரியவனிடம் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசி சொல்வான் என்று நினைக்கிறேன். சொன்னால், அப்பா விளையாட்டுக்கு மட்டும் அழைத்துப் போகவில்லை என்பதை அவன் வாயாலேயே கேட்பீர்கள். இந்த விதிகளோடு பெரியவர் ஒருவர் கூடப் போனால் பயத்துக்குப் பதில் கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை என்றால் அது பயம் இல்லை.

திதிக்கு முந்திய ஒரு மாலை ஸ்டோர் அறையைத் திறங்கள். நீங்களும் கூட இருங்கள், திறந்துவிட்டுக் குசினிக்குப் போகாதீர்கள். தரையில் பழைய பேப்பர் விரித்து ஒரே ஒரு ரீலை எடுங்கள், அந்த 680 வெள்ளி ரீலையே. பதினோரு மாதம் புழுக்கமான அறையில் கிடந்த ரீலுக்குச் செய்ய வேண்டியது இருக்கிறது. நூல் சுற்றியிருக்கும் உருளையின் தலையில் உள்ள குமிழ் இறுக்கமாக இருந்தால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும். இறுகியபடியே கிடந்தால் உள்ளே இருக்கும் தட்டையான வளையங்கள் நசுங்கி, மீன் இழுக்கும்போது நூல் சீராகப் போகாமல் வெட்டி வெட்டிப் போகும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, கைப்பிடிக் குமிழிலும் நூல் உருளும் சின்னச் சக்கரத்திலும் ஒரு சொட்டு எண்ணெய். துருநீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்கக்கூடாது, பல்சக்கரத்து கிரீஸைக் கரைத்துவிடும். பழைய நைலான் நூல் சுருள் சுருளாக நிற்கும். மேலே இருக்கும் 50, 60 மீட்டரை உருவிப் போடுங்கள். இரண்டு கையால் இழுக்கும்போது லேசாகவே அறுந்தால் முழுவதும் மாற்ற வேண்டியதுதான். புது நூலை உருளை விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும், ததும்பச் சுற்றினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும். கம்பின் வளையங்களுக்குள் பஞ்சைத் திரித்து விட்டுப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, அது நூலை அறுக்கும். துருப்பிடித்த தூண்டில் முள்ளை ஒரு பாட்டிலில் போட்டு மூடி எறியுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறப்பதாக இருந்தால் திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே முட்டைத் தட்டில் வையுங்கள்.

மனநல ஆலோசனையில் ரீல் எதற்கு என்று கேட்பீர்கள். 17 வயதுப் பையனை எதிரே உட்காரவைத்து "மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்றால் வாயைத் திறக்கமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தால், கை வேலை செய்யும்போது பேச்சு தானாக வரும். அதோடு, இந்த விஷயத்தில் அவனுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவன் சொல்லித்தரட்டும். பிட்டர் மகன், திருப்புளி பிடிக்கத் தெரியாமலா இருக்கும்.

இன்னொன்று, இதில் அவசரம் உண்டு. அவருடைய குரல் உங்கள் போனிலும் பிள்ளைகள் போனிலும் கூட்டாளிகள் போனிலும் வாட்ஸ்அப் பதிவாகக் கிடக்கும். போன் மாற்றும்போதும் இடமில்லை என்று அழிக்கும்போதும் அதுதான் முதலில் போகும். இருப்பதை இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒன்று போனுக்கு வெளியே இருக்கட்டும். அவருடைய போனை அணைத்து அலமாரியில் வைத்திருந்தால் சில மாதத்துக்கு ஒரு முறை பாதியளவு சார்ஜ் ஏற்றுங்கள், முழுக்க வற்றிய பேட்டரி கெட்டுப்போகும். கூட்டாளிகளிடம் பதிவுகளைக் கேட்டு வாங்குவதை நடுவுள்ளவளிடம் விடலாம். அவர்கள் திரும்ப வீட்டுக்கு வர அது ஒரு சாக்காகவும் ஆகும். வருவது குறைந்தது நல்லதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் நம்பவில்லை.

திதிக்குப் பிறகும் பெரும்பாலான நாள்களில் எதிலும் ஒட்டாமல், தூக்கமும் சாப்பாடும் சரியாக இல்லாமல், அவர் போனதை மனம் ஏற்காமலே இருந்தால் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் மனநல உதவி கேளுங்கள். நான் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற நினைப்பு எப்போதாவது வருகிறதா என்றும் நேராகவே கேட்கிறேன். வந்தால் அன்றைக்கே பேசுங்கள்: 15555 அரசாங்க மனநல உதவித் தொலைபேசி, 15999 தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, 03-7627 2929 பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு. பின்னிரண்டும் 24 மணி நேரமும் எடுக்கும்.

போட்டியை நிறுத்தாதீர்கள். கேட்காமல் ஏற்பாடு செய்தது தவறு என்று அண்ணனிடம் ஒரு தடவை, கூட்டத்தில் இல்லாமல், நேரில் சொல்லுங்கள். பிறகு உங்கள் சட்டை அளவைக் கொடுங்கள். பரிசு கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உங்களுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கி, அந்த மீன் யாருடையது என்று அறுபது பேருக்கும் சொல்லுங்கள். அன்றைய துணியைப் பிள்ளைகள் துவைக்கட்டும்.

படையலுக்கு மாமியாரின் இலை ஒன்று சைவமாக இருக்கட்டும். அதில் விவாதம் வேண்டாம், மகனை இழந்தவர் அவர். பக்கத்தில் இன்னோர் இலை போட்டால் போதும். உடாங் காலா செத்த சில மணி நேரத்திலேயே தலைக்குள் இருக்கும் சுரப்பு சதையைக் குழைத்துவிடும். அதனால் உயிரோடு வாங்கி உடனே ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் போடுங்கள், வெறும் ஐஸ் மேல் வைத்தால் சீக்கிரம் குளிராது. சம்பாலை நன்றாக வதக்கி எண்ணெய் பிரிந்த பிறகு கடைசியில்தான் இறாலைப் போட வேண்டும், அதிக நேரம் விட்டால் ரப்பராகிவிடும். ஆற்றங்கரையில் அவர் எத்தனை நிமிடம் விடுவார் என்று கடைக்குட்டியைக் கேளுங்கள். பானைக்குப் பக்கத்தில் நின்றவன் அவனாகத்தான் இருப்பான்.